கம்ப்யூட்டரில் பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்றால் நமக்கு என்னென்ன ஞாபகத்துக்கு வரும்? வக்கீல், பத்திரம், ஓரகத்திகளின் மௌனம், கூடத்தின் நடுவே எழும்பும் குறுக்குச் சுவர்! ஆனால், சகோதரிகளே, நான் சொல்ல வந்த பாகப்பிரிவினைக்குக் கோர்ட்டு வேண்டாம். இது மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடப்பது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. சுவரை ஏறுமாறாக நகர்த்தினால் பத்து வருஷத்துப் புகைப்படங்களும் போய்விடும். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பல்லை மறுபடி படம் எடுக்க முடியுமா?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் தொடங்கி வைத்த சமாசாரம் அது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதால், எங்கள் வீட்டுக்காரருக்கு அதன் மேல் தனிப் பிரியம்! நாலு வருஷத்துக்கு முன் என் அண்ணன் மகன் வந்து அதைப் போட்டுக் கொடுத்தான். அப்போதே வட்டை இரண்டு பாகமாகப் பிரித்தான். முதல் பாகத்துக்கு 'ரூட்' என்று பெயர். லினக்ஸும் அதன் தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கே குடியிருக்கும். இரண்டாவது 'ஹோம்', நம்முடைய படங்கள், பாட்டுகள், கடிதங்கள் எல்லாம் அங்கே. நாளைக்கு லினக்ஸையே மாற்றிப் போட்டாலும் நம் உடைமைகளைத் தொட வேண்டியதில்லை என்பது இதிலுள்ள சௌகரியம்.

கடையில் 500 ஜிகாபைட் என்று சொல்லி வாங்கிய வட்டு, உள்ளே 465 என்றுதான் காட்டியது. இதில் மோசடி ஒன்றுமில்லை. வட்டு செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கம்ப்யூட்டர் 1024, 1024-ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்! அந்த 465-ல் ரூட்டுக்கு 25, ஹோமுக்கு 432. மிச்சம் சில்லறைக் காரியங்களுக்கு.

நாலு வருஷம் சுகமாகக் கழிந்தது. ஒரு நாள், பெண்ணின் பரீட்சை நுழைவுச் சீட்டை அச்செடுக்கப் போனால், "இடமில்லை" என்றது கம்ப்யூட்டர். அச்சுக்குப் போகும் காகிதம்கூட முதலில் ரூட்டில்தான் வரிசையில் நிற்க வேண்டுமாம்! பழுது பார்க்கிறவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் அம்மா. அரை மணி வேலை" என்றார்.

துடைப்பதாவது! காலமான என் மாமியாரின் குரல் அல்லவா அதற்குள் இருக்கிறது? வடுமாங்காய் போடுவது எப்படி என்று பதினோரு நிமிஷம் அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்தது. அவரை மரியாதையாக அனுப்பிவிட்டு அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன்.

"அத்தை, இடமே இல்லை என்று யார் சொன்னது? இடம் பக்கத்து அறையில் இருக்கிறது!" என்றான்.

உண்மைதான். ஹோமில் பாதிக்கு மேல் காலி. ரூட்டில் மூச்சு விட இடமில்லை. தலைமாட்டில் பத்தாயத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்த கதை!

சுவரில் கை வைக்குமுன் பரண்மேல் இருப்பதை ஒழிக்க வேண்டும் என்றான். புதுச் சாமான் இறக்கியபோது சேர்ந்த வெற்று அட்டைப் பெட்டிகள் மாதிரி, ஏற்கெனவே நிறுவி முடித்த நிரல்களின் மூட்டைகள் கிடந்தன. உபயோகத்திலில்லாத பழைய 'கர்னல்'களும் கிடந்தன. தினப்படிக் குறிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. எல்லாம் கழித்ததில் 3 ஜிகாபைட் தேறியது. நுழைவுச் சீட்டும் அச்சாயிற்று. உங்கள் வீட்டில் இந்த உபத்திரவம் வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். பாதிப் பேருக்கு இதோடு காரியம் முடிந்துவிடும்.

எங்களுக்கு முடியவில்லை. இரண்டே மாதத்தில் பழையபடி நிரம்பிவிட்டது. இனிச் சுவரை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் சாமான் அடுக்கும் முறைக்கு 'எக்ஸ்ட்-4' என்று பெயர். இந்த முறையில் ஓர் அறையைப் பெரிதாக்குவதானால், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே ஆக்கலாம். சிறிதாக்குவதானால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். ஆகையால் கம்ப்யூட்டரை அதன் சொந்த வட்டிலிருந்து எழுப்பக் கூடாது. 'ஜிபார்ட்டெட்' என்ற கருவி அடங்கிய பென் டிரைவிலிருந்து எழுப்ப வேண்டும். ('எக்ஸ்-எஃப்-எஸ்' என்று வேறொரு முறை உண்டு. அதில் இடத்தைக் கூட்டலாமே தவிர, குறைக்க முடியாது. உங்கள் வீட்டில் எந்த முறை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.)

இன்னொன்று: காலி இடம் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். ரூட்டுக்கு வலப் பக்கத்து வீடு ஹோம். ஹோமின் கடைசியில் இடம் விட்டால் ரூட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முன் வாசலில்தான் விட வேண்டும். அதாவது, ஹோமை ஒடுக்கி, அதிலுள்ளதை அப்படியே பெயர்த்து வலப் பக்கமாக நகர்த்தி வைக்க வேண்டும். ஆபத்தும் தாமதமும் இந்த இடத்தில்தான். நகர்த்தும்போது நடுவில் மின்சாரம் போனால், பாதிச் சாமான் பழைய இடத்தில், பாதி புது இடத்தில்! மேஜைக் கம்ப்யூட்டருக்குள் மடிக்கணினி மாதிரி பாட்டரி கிடையாதே!

ஆகவே முதல் வேலையாக, வெளியே செருகும் பெரிய வட்டு ஒன்று வாங்கி, ஹோமில் இருந்ததை முழுக்க நகல் எடுத்தோம். எடுத்ததாக நினைத்துக்கொள்வது வேறு, எடுத்திருப்பது வேறு. வட்டைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படங்களைத் திறந்து பார்த்தேன். பிறகு மாமியாரின் குரலைத் திறந்தேன். "விளக்கெண்ணெய் தடவ மறந்துவிடாதே!" என்றார், சாட்சாத் அவரேதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி ஆரம்பிக்கலாம்" என்றேன்.

இன்வர்ட்டரில் போதிய பாட்டரி இருக்கிறதா என்று பார்த்து, கம்ப்யூட்டரை அதில் இணைத்தோம். அண்ணன் மகன் பென் டிரைவைச் செருகினான். திரையில் பாகங்கள் வண்ணக் கட்டங்களாகத் தெரிந்தன. பூட்டிய பாகத்தின் பக்கத்தில் சின்னச் சாவிப் படம் ஒன்று இருக்கும். அது இருந்தால் தொடக் கூடாது. ஹோமின் இடது ஓரத்தைப் பிடித்து இழுத்து 40 ஜிகாபைட்டை விடுவித்தான். ரூட்டின் வலது ஓரத்தை அந்த இடம் வரை நீட்டினான். ஜிபார்ட்டெட்டின் நல்ல குணம் என்னவென்றால், இவ்வளவும் செய்தாலும் உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. மளிகை ஜாபிதா மாதிரி எழுதி மட்டும் வைத்துக்கொள்கிறது. வேண்டாமென்றால் அடித்துவிடலாம். பச்சை நிறச் சரி அடையாளத்தை அழுத்தினால்தான் வேலை தொடங்கும். அழுத்திவிட்டாலோ, பிறகு குறுக்கிடக் கூடாது.

இரவு பத்து மணிக்கு அழுத்தினான். வட்டில் பழுது உண்டா என்று முதலில் தானே சோதித்துக்கொண்டு, பிறகு நகர்த்த ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்காரர் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் உலாவுகிறவரைப் போல் கூடத்தில் உலாவினார்! மூன்று மணி சுமாருக்கு எல்லாம் நிறைவேறியது. பென் டிரைவை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பினால், ஒன்றுமே நடக்காதது போல் எழுந்தது. ரூட்டில் 65, ஹோமில் 392. ஒரு படம் குறையவில்லை.

இன்னொரு ரகசியம். எக்ஸ்ட்-4 பாகம் ஒவ்வொன்றிலும், வழக்கமாக நூற்றுக்கு 5 பங்கு இடம் நிர்வாகிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். கடுகு டப்பாவில் நாம் ஒளித்து வைக்கும் பணத்தைப் போல! ரூட்டுக்கு அது அவசியம், ஆபத்துக்கு உதவும். ஆனால் ஹோமில் அவ்வளவு தேவையில்லை. 400 ஜிகாபைட்டில் 20 சும்மா கிடக்கிறது. அதை 1 பங்காகக் குறைக்கச் சொல்லலாம். எந்தச் சுவரையும் நகர்த்த வேண்டியதில்லை.

புதிதாக லினக்ஸ் போடுகிறவர்கள் ரூட்டுக்குத் தாராளமாகவே இடம் விடுங்கள். பிரிக்காமல் ஒரே கூட்டுக் குடும்பமாக வைத்துக்கொண்டாலும் சரிதான். அப்போது இந்த வழக்கே வராது. ஆனால் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும், உங்கள் பொக்கிஷங்களுக்கு இன்னொரு நகல், இன்னொரு வட்டில் இருக்கட்டும். இடம் போதாவிட்டால் எப்படியும் சமாளிக்கலாம். அதற்குக் கருவி இருக்கிறது. போன குரலைத் திருப்பிக் கொண்டுவர எந்தக் கருவியும் இல்லை.