பாட்டுக்கு இனி யார் பணம் கொடுப்பார்?

இசைத் தொழில் அடுத்து எங்கே போகும் என்று சொல்ல முன்வந்தவர்கள் பலர் தோற்றுப்போயிருக்கிறார்கள். எங்கள் மாமா சேர்த்து வைத்திருக்கும் பழைய சினிமா இதழ்களின் பின்பக்கங்களைப் புரட்டினாலே தெரியும். 2005-ஆம் ஆண்டு வாக்கில், கைப்பேசி அழைப்பொலிதான் இசையின் எதிர்காலம் என்றார்கள். முப்பது விநாடிப் பாட்டுக்காகக் குறுஞ்செய்தி அனுப்பி ரிங்கிட் கணக்கில் பணம் கட்டினார்கள் நம் அண்ணன்மார். அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் 2004-இல் அழைப்பொலிக்கென்றே தனித் தரவரிசை தொடங்கியது. இன்று நம் கைப்பேசிகள் மேசைமேல் ஊமையாக அதிர்வதோடு சரி.

ஆகவே, நான் சோதிடம் சொல்ல வரவில்லை. ஆனால், எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி நாலாயிரம் ரிங்கிட் வடிவில் வந்து நிற்கிறது. என் பெரியம்மா மகனுக்கு ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை. தை, பங்குனி வந்துவிட்டால் உறுமி மேளக் குழுவோடு கிளம்பிவிடுவார், பாட்டும் எழுதுவார். தாம் எழுதிய ஒரு பாடலைக் காணொலியோடு வெளியிடக் கடன் எடுக்கப் போவதாகச் சொன்னார். "நீ யூனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளைதானே தங்கச்சி, போட்ட காசு வருமா, சொல்லு" என்று என்னைக் கேட்டுவிட்டார்.

அப்பா காலத்தில் விடை எளிது. பெம்பான் தோட்டத்து ஆட்கள் சம்பளம் வாங்கியதும் ஜாசினுக்குப் போய் ஒலிநாடா வாங்குவார்கள். காசு கடைக்காரர் கைக்கும் அங்கிருந்து நிறுவனத்துக்கும் போகும். பிறகு குறுவட்டு வந்தது. நூறு பாட்டுக்கு மேல் அடங்கிய திருட்டு வட்டு பாசார் மாலாமில் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. நம் நாட்டின் யோகி பி குழுவினர் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்ட 2006-ஆம் ஆண்டு அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல் ஒலித்தது. வட்டு விற்ற காசைவிட, அந்த வட்டு திறந்துவிட்ட கதவுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

2013-இல் ஸ்போட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது. இதில் பணம் நகரும் விதத்தைப் பலரும் கவனிப்பதில்லை. நான் மாதக் கட்டணம் கட்டி, மாதம் முழுவதும் உறுமிப் பாட்டு மட்டுமே கேட்டாலும் என் காசு நேராக உறுமிக்காரருக்குப் போகாது. எல்லாருடைய காசும் ஒரே உண்டியலில் விழுகிறது. மொத்தமாக யாருடைய பாட்டு அதிகம் கேட்கப்பட்டதோ, அதற்கேற்பப் பங்கு பிரிகிறது. போதாக்குறைக்கு, 2024 முதல் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அந்தப் பங்கும் இல்லை. கோலாலம்பூரில் பெயர் எடுத்தவர்களுக்கு ஆயிரம் ஒரு பொருட்டல்ல. எங்கள் அண்ணனுக்கு அது மலை.

கோடிக்கணக்கில் கேட்கப்பட்டால் மட்டும் கை நிறைந்துவிடுமா? 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிய பாடல் அது. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அது அயலார் பாட்டாகவே தோன்றவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், தமக்கோ தீக்கோ அறிவுக்கோ அதிலிருந்து ஒரு காசுகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட மாஜா நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நான் யார்? உலகமே ஆடிய பாட்டின் வருமானம் யாரிடம் இருக்கிறது என்பதே வழக்காகிவிட்டது என்பதைத்தான் நான் குறித்துக்கொண்டேன்.

இளையராஜா 2017-இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பியபோது எங்கள் வீட்டில் எல்லாரும் ராஜாவைத் திட்டினார்கள். அப்பா இன்றும் திட்டுகிறார். நான் ராஜா பக்கம். நண்பருக்கு அனுப்பிய விதம் வேண்டுமானால் கசக்கலாம். மேடையில் விற்கப்படும் பாட்டில் அதைப் படைத்தவனுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி நியாயமானது. இந்தியா 2012-இல் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகைப் பங்கை எழுதிக் கொடுத்து இழந்துவிட முடியாதபடி செய்தது. காலம் போகும் திசைக்கு அது ஓர் அடையாளம்.

செயற்கை நுண்ணறிவை எல்லாரும் இப்போது பேசுகிறார்கள். 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் கணினிவழி மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். பெரிய இடத்தில் அனுமதி கேட்பார்கள். சின்ன இடத்தில்? அண்மையில் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் அழைப்புக் காணொலிக்குக் கணினியே பாட்டுக் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை தமிழழகன், 'தமிலலகன்' ஆகிவிட்டார். ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் அந்த வேலைக்கு ஊர்ப் பையன் ஒருவனுக்கு இருநூறு முந்நூறு ரிங்கிட் கிடைத்திருக்கும். முதலில் அடிபடப் போவது இந்தச் சில்லறை வருமானம்தான் என்பது என் கணிப்பு.

மிஞ்சுவது ஆள் நேரில் வர வேண்டிய இடம். 2023 ஜனவரியில் ரகுமானுக்காகப் புக்கிட் ஜாலில் அரங்குக்குத் திரண்ட கூட்டத்தில் பலர் கேட்டது, கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் பாடல்களைத்தான். எங்கள் ஊர்த் திருவிழாவிலும் அதே கதை. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியை வைத்தால் எந்தக் கோயில் தலைவரும் ஒத்துக்கொள்ளமாட்டார். உறுமி வந்தாக வேண்டும். இனிப் பதிவு செய்த பாட்டு வெறும் அழைப்பிதழ், விருந்து நேரில். இதிலும் ஒரு சிக்கல், திருவிழா ஆண்டு முழுவதும் வருவதில்லை.

அண்ணனிடம் இப்படித்தான் சொன்னேன். நாலாயிரம் வேண்டாம், கடனில்லாமல் ஆயிரத்துக்குள் பாட்டை மட்டும் பதிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால், யார் எழுதியது, யார் மெட்டு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மலேசியாவில் படைப்பாளர் இறந்த பிறகும் ஐம்பது ஆண்டுகள் அந்த உரிமை குடும்பத்துக்கு உண்டு. அறிவுசார் சொத்துக் கழகத்தில் முன்வந்து பதிந்துகொள்ளும் வசதியும் 2012 முதல் இருக்கிறது. முன்பு அவர் எழுதிக் கொடுத்த பாட்டு ஒன்று வேறொருவர் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் மேடை கண்டுவிட்டது. அண்ணனுக்கு ஒரு தேநீர்கூட வரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. "கையெழுத்துக் கேட்டா குழுவுல கோவிச்சுக்குவாங்களே, தங்கச்சி" என்றார்.

"கோவிச்சுக்கிட்டா, தனியா எழுதுங்க அண்ணே" என்றேன்.