ஆண்டறிக்கை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவி ஓட, நடுவே தீவாகத் திகழ்வது திருவரங்கம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர், இரண்டு ஆறுகளுக்கிடையே தென்னை மரங்களுக்கு மேல் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்கும் காட்சியைக் காணலாம். இவ்வூரில் பள்ளியின் ஆண்டும் ஆற்றின் ஆண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே செல்லும். ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது நெடுநாள் வழக்கம். நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. பள்ளிகள் திறந்த சில நாள்களில் புதுப்புனல் முக்கொம்பைக் கடந்து அம்மாமண்டபப் படித்துறையைத் தொடும். பங்குனி சித்திரையில் ஆறு மணற்பரப்பாகிவிடும். பள்ளியின் வாயிலும் சாத்தப்படும்.

ஆறு வற்றும் அந்நாள்களில்தான் பள்ளிகளில் ஆண்டறிக்கை எழுதுவார்கள். ஊர்ப் பெரியோரும் பெற்றோரும் கூடியிருக்க, ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் அதனைப் படிப்பார். பொதுத்தேர்வில் தேறியோர் தொகை, விளையாட்டில் பெற்ற வெற்றி, நூலகத்தில் சேர்ந்த நூல்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் செய்த உதவி, புதிதாக வந்த ஆசிரியர், விடைபெறும் ஆசிரியர் என அது வரிசையாகச் செல்லும். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியர், மாணவர் நலங்கருதி ஆண்டிறுதிவரை பணியில் தொடர்வதுண்டு. ஆதலால் பிரிவுச் செய்திகள் பலவும் ஆண்டின் கடைசியிலேயே வந்து குவியும்.

1987-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அத்தகைய அறிக்கை ஒன்றை எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. திருவரங்கத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக நான் சேர்ந்து அப்பொழுது இரண்டாம் ஆண்டு. ஊர் முழுவதும் அந்நாளில் ஒரே பேச்சாக இருந்தது. தெற்கு வாயிலில் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்ற கோபுரம், 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுந்து, அத்திங்கள் 25-ஆம் நாள் நிகழவிருந்த குடமுழுக்குக்குக் காத்திருந்தது. என் அறிக்கையும் அக்கோபுரத்தைப் போல் உயர்ந்து நிற்க வேண்டும் என்று விரும்பினேன். எதுகையும் மோனையும் துள்ள எட்டுப் பக்கங்கள் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன்.

அவர் பொறுமையாக முழுவதையும் படித்தார். பின்னர்க் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன். இவ்வாண்டு நம் பள்ளியை விட்டுப் பிரிந்தவர்கள் எத்தனை பேர்?” என்றார்.

“மூவர், ஐயா. இருவர் ஓய்வு பெறுகின்றனர். ஒருவர் மாற்றலாகிச் செல்கிறார்.”

“மூவர்தாமா?” என்று கேட்டு, அவர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து என் முன் வைத்தார்.

அதில் சில பெயர்களின்மேல் சிவப்பு மையால் கோடு இழுக்கப்பட்டிருந்தது. எதிரே, ‘நெடுநாள் வராமையால் நீக்கம்’ என்ற குறிப்பு இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பெயர்கள். அவற்றுள் ஒன்றைக் கண்டதும் என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் பயின்ற மாணவன். சன்னலோரம் மூன்றாம் பலகையில் அமர்வான். செய்யுளை ஓசை குன்றாமல் படிப்பான். தைத் திங்கள் முதல் அவனைக் காணவில்லை. நாள்தோறும் அவன் பெயரை அழைத்தேன். விடை வராதபோது, வரவில்லை என்று குறித்தேன். அடுத்த பெயருக்குச் சென்றேன். ஏன் வரவில்லை என்று ஒரு நாளேனும் கேட்டேனில்லை.

“இவர்களைப் பற்றி யாரிடம் கேட்பது, ஐயா?” என்றேன்.

“மணியடிக்கும் பெரியவரைக் கேளுங்கள்” என்றார் அவர்.

எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரக் கிளையில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. பொன்மலையில் தொடர்வண்டிப் பணிமனை உள்ள ஊர்ப்பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. முப்பத்தோர் ஆண்டுகளாக அதனை அடித்து வந்தவர் அப்பெரியவர். காலையில் வாயிலைத் திறப்பவரும், குடிநீர்ப் பானைகளை நிரப்புபவரும், நண்பகலில் உணவு வரிசையை ஒழுங்கு செய்பவரும் அவரே. 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டம், 1984 முதல் உயர்நிலை வகுப்புகளுக்கும் வந்திருந்தது. வகுப்பில் யார் இல்லை என்பது எங்கள் பதிவேட்டுக்குத் தெரியும். சோற்று வரிசையில் யார் இல்லை என்பது அவர் நெஞ்சுக்குத் தெரியும்.

நான் கேட்டவுடன் அவர் சொன்னார்: “அந்தப் பிள்ளையின் தகப்பனார் மூட்டை தூக்கும்போது விழுந்துவிட்டார், ஐயா. இடுப்பில் அடி. பொங்கலிலிருந்து படுக்கைதான். பிள்ளை தேங்காய்க் கடையில் நிற்கிறான்.”

“இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?”

“யாரும் கேட்கவில்லையே, ஐயா.”

அவர் சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அது என்னைச் சுட்டது.

அன்று மாலை நாங்கள் இருவரும் ஆற்றங்கரைச் சந்து ஒன்றில் இருந்த அவ்வீட்டுக்குச் சென்றோம். கல்வியின் பெருமையைக் குறித்து நான் பேசத் தொடங்கினேன். சிறுவனின் தாய் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, “பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்கும், ஐயா. வீட்டில் இருக்கிற மற்ற நால்வருக்கு யார் போடுவார்கள்?” என்றாள். நான் கற்றிருந்த நூல் எதுவும் அவ்வேளையில் எனக்குத் துணை வரவில்லை.

பெரியவர்தாம் வாய் திறந்தார். “அம்மா, உனக்குப் பூத் தொடுக்கத் தெரியுமா?”

“தெரியும். ஆனால், எழுந்திருக்க முடியாத இவரை விட்டுவிட்டுப் பூக்கடைக்கு எப்படிப் போவேன்?”

“நீ போக வேண்டாம். பூ இங்கே வரும்.”

குடமுழுக்கு நெருங்கிய காலம், மாலைகளுக்குக் கணக்கில்லை. அவருக்குத் தெரிந்த பூவணிகர் ஒருவரிடம் அவ்விரவே சென்று பேசினார். மறுநாள் விடியற்காலையில் வாழைநாரும் உதிரிப்பூவும் கூடையில் வந்து இறங்கின. ஒரு கிழமைக்குள் சிறுவன் சன்னலோரப் பலகைக்குத் திரும்பினான். தலைமையாசிரியர் அவன் பெயரை மீண்டும் எழுதி, ஆண்டுத் தேர்வுக்கும் இசைவளித்தார்.

மற்ற எண்மரையும் தேடிப் போனோம். எல்லாக் கதையும் இனிதாக முடியவில்லை. இரண்டு குடும்பங்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போயிருந்தன. மாணவி ஒருத்திக்குத் திருமணமே முடிந்திருந்தது. தை மாதத்திலேயே நாங்கள் சென்றிருந்தால் அத்திருமணத்தைத் தடுத்திருக்கலாமோ என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. திரும்பி வந்தவர் இருவரே.

அறிக்கையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எட்டுப் பக்கம் நான்காகச் சுருங்கிற்று. முன்பு நான் எழுத மறந்திருந்த ஒரு பிரிவும் அதில் இடம்பெற்றது. மணியடிக்கும் பெரியவரும் அவ்வாண்டே ஓய்வு பெற்றார். ஆசிரியர் மூவரை நினைத்த எனக்கு அவரை நினைக்கத் தோன்றவில்லை!

ஆண்டு விழாவன்று தலைமையாசிரியர், தேறியோர் தொகையைப் படித்த அதே குரலில், “இவ்வாண்டு நாம் இழந்த மாணவர் அறுவர்” என்றும் படித்தார். அவையில் அமைதி நிலவிற்று. அடுத்துப் பெரியவரின் பெயரைப் படித்து, மூவர் பள்ளிக்குத் திரும்பியது அவரால்தான் என்றார். மாணவர் அனைவரும் வாயிலை நோக்கித் திரும்பிக் கைதட்டினர். தொலைவில் நின்ற அவருக்கோ ஒன்றும் காதில் விழவில்லை. கைதட்டல் ஒலியைக் கேட்டு, விழா முடிந்துவிட்டது என்று எண்ணி, வாயிற்கதவுகளை அகலத் திறந்து வைத்தார்.

கல்விச்சாலைகளால் புகழ்பெற்ற நகரம் திருச்சிராப்பள்ளி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய புனித வளனார் கல்லூரி 1883-இல் இங்கு வந்து வேரூன்றியது. 1826-இல் இந்நகரில் மறைந்த பிஷப் ஹீபரின் பெயரைத் தாங்கிப் பள்ளியும் கல்லூரியும் விளங்குகின்றன. திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சி. வி. இராமன் 1930-இல் நோபல் பரிசு பெற்றதை உலகம் அறியும்; அவர் பிறந்த காலத்தில் அவர்தம் தந்தையார் ஒரு பள்ளியாசிரியர் என்பதைச் சிலரே அறிவர். வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்ற அப்துல் கலாம், நாட்டின் தலைவராக உயர்ந்த பின்னும் தமக்குக் கற்பித்தவர்களைப் பெயர் சொல்லிப் போற்றினார். ஒருவரைப் பெயர் சொல்லி நினைப்பது பொருட்செலவு இல்லாத செயல். ஆயினும் அதனைச் செய்ய நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இன்று மாணவரின் பெயர்கள் கணினியில் பதிவாகின்றன. 6 வயது முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்னும் சட்டமும் 2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இவை பெரும் பேறுகளே. ஆனால், வகுப்பில் ஓரிடம் வெறுமையாய் இருக்கும்போது, ‘அவன் ஏன் வரவில்லை?’ என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அம்மனிதர் ஆசிரியராக இருக்கலாம்; ஊழியராக இருக்கலாம்; அருகில் அமர்ந்திருக்கும் தோழனாகவும் இருக்கலாம்.

அவ்வாண்டு ஜூனில் பள்ளி திறந்தது. வேப்பமரத்தடியில் புதிய ஊழியர் ஒருவர் முதல் மணியை அடித்தார். நான் பத்தாம் வகுப்புக்குச் சென்று வருகைப் பதிவேட்டை விரித்தேன். ஒவ்வொரு பெயரையும் அழைத்துவிட்டுத் தலைநிமிர்ந்து அம்முகத்தைப் பார்த்தேன். சன்னலோரத்திலிருந்து, “உள்ளேன், ஐயா” என்ற குரல் வந்தது. அதன்பின் நான் பணியில் இருந்த நாள்வரை, முகத்தைப் பாராமல் எந்தப் பெயருக்கும் குறி இட்டதில்லை.