கோழியும் ஊசியும், பின்னே கொஞ்சம் பாக்டீரியாவும்!

அதிராம்பட்டினத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கோழிக்கடையில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. "பிராய்லரை ஊசி போட்டுத்தான் வளர்க்கிறாங்க... பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க!" இப்படிச் சொல்பவரும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டுதான் போவார்.

இந்த ஊசிக் கதை உண்மையில்லை. ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஹார்மோன் ஊசி போட்டால் கூலிக்கே கட்டுப்படியாகாது. கோழி ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுவதற்குக் காரணம், பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும், மக்காச்சோளமும் சோயாவும் அளவாகக் கலந்த தீவனமும்தான்.

அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது ஊசியில் இல்லை, தீவனத்தில்!

1950 வாக்கில் அமெரிக்காவில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். தீவனத்தில் கொஞ்சம் ஆண்டிபயாடிக் சேர்த்தால் கோழி வேகமாக எடை போடுகிறது. அதன்பின் பல நாடுகளில் நோயே இல்லாத கோழிக்கும் தினமும் சிறு அளவு மருந்து போனது. சிறு அளவு மருந்தில் பலவீனமான கிருமி செத்துவிடும். தப்பித்தது மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். நன்றாக வெந்த கறியில் அந்தக் கிருமி பிழைக்காதுதான். ஆனால் பச்சைக் கறி தொட்ட கை, கத்தி, வயலுக்குப் போகும் கோழி எரு என்று அதற்கு வேறு வழிகள் உண்டு.

கோலிஸ்டின் என்றொரு மருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்றவை எல்லாம் கைவிட்டபின் மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது. 2015ல் சீனாவில், அதை எதிர்க்கும் மரபணு ஒன்று பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது தெரிந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கோலிஸ்டினைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியமோ வளர்ச்சிக்காக ஆண்டிபயாடிக் கலப்பதையே 2006 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது.

சரி, மருந்தை நிறுத்தினால் கோழியின் கதி? இங்கேதான் புரோபயாடிக் வருகிறது.

நாட்டுக்கோழிக் குஞ்சு தாயோடு மண்ணைக் கிளறும்போதே தாயின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைப் பெற்றுவிடுகிறது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாயே இல்லை! குடல் ஏறக்குறைய காலி. முதலில் வருபவருக்கே இடம். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். 1973ல் பின்லாந்தின் நூர்மியும் ரன்டலாவும் வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாக்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வந்த சால்மோனெல்லாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை!

இன்று தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள், ஈஸ்ட், பேசில்லஸ் சப்டிலிஸ் எல்லாம் தீவனத்தில் சேர்க்கப்படுகின்றன. பேசில்லஸுக்கு ஒரு வசதி: அதன் வித்து, குருணைத் தீவனம் தயாரிக்கும் சூட்டையும் தாங்கும்.

ஆனால் இது மந்திரப் பொடி அல்ல. பலன் பண்ணைக்குப் பண்ணை மாறும். தரையில் போட்ட உமி ஈரமாகி, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும் கொட்டகையில் எந்தப் பொடியும் உதவாது. தீவனத்தில் புரோபயாடிக், தண்ணீரில் ஆண்டிபயாடிக் என்று ஒரே நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் காசுதான் வீண்.

ஒப்பந்தப் பண்ணைகளில் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் கம்பெனியே தருகிறது. பண்ணையாளர் கையில் இருப்பது கொட்டகையும் உழைப்பும்தான். அதனால் சுத்தம் அவர் பொறுப்பு. தீவனத்தில் என்ன கலந்தது என்பது கம்பெனியின் பொறுப்பு. சொந்தமாக வளர்ப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கறி வாங்குபவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "ஊசி போட்ட கோழியா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "ஆண்டிபயாடிக் கலந்த தீவனமா?" என்று கேட்கலாம். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார்.

கோழி நூறு கிராம் கூடுவதற்காகச் செலவழித்த மருந்து, நாளை ஒரு குழந்தையின் காய்ச்சலுக்கு வேலை செய்யாமல் போனால்... அந்த நூறு கிராம் யாருக்கு லாபம்?