ஆறு அன்டனா வாங்கியும் மேல் மாடிக்கு வைஃபை போகல

போன கிழமை இடைவேளையில் எங்கட ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர், "வீட்டுக்கு ரவுட்டர் ஒன்று வாங்கணும், எது நல்லம்?" என்று கேட்டா. நான் சொல்லத் தொடங்க பெல் அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவவுக்கு மட்டுமில்லாமல் இன்னும் சில வீடுகளுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கட வீடு நம்ம ஊரில் இருக்கிற மாதிரியான வீடுதான். கீழே உம்மாவும் நாங்களும். மேலே ஸ்லப் போட்டு தங்கச்சிக்குக் கட்டிக் கொடுத்தது. மச்சான் கட்டாரில். ஃபைபர் இணைப்பு ஒன்றுதான், பில்லில் பாதி நான், பாதி அவ. லைன் இழுக்க வந்த தம்பி "பெட்டிய எங்க வைக்கிற டீச்சர்?" என்று கேட்ட நேரம், யோசிக்காமல் என்ட அறையைக் காட்டினேன். இல்லை, உண்மையைச் சொன்னால் யோசித்துத்தான் காட்டினேன். நான் பாடக்குறிப்பு எழுதுகிற மேசை அங்கதான் இருக்கு.

தங்கச்சிட மகள் ஏ.எல். படிக்கிறா. இரவில் சூம் வகுப்பு. ஒருநாள் பத்து மணிக்கு தண்ணி குடிக்க எழும்பினால், புள்ள படிக்கட்டுத் திருப்பத்தில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கா. "மேல வருதில்ல பெரியும்மா." "ஜன்னல் பக்கம் இருந்து பாருங்க மகள்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். ஜன்னலுக்கும் சிக்னலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெட்டி கீழே என்ட தலைமாட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் தங்கச்சி கேட்டா: "ராத்தா, பாஸ்வேர்ட மாத்திட்டீங்களா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை. உம்மாதான் இடையில் சொன்னா, "ரெண்டு பேரும் காசு கட்டுறீங்க. பெட்டி மட்டும் ஏன் ஒராள்ட அறையில?"

அதற்கு எனக்குப் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாதபடியால் கல்முனைக்குப் போய் 18,500 ரூபாய்க்கு ஒரு ரவுட்டர் வாங்கினேன். வைஃபை 6, ஆறு அன்டனா. கம்பனிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, அதே அறையில் மாட்டினேன். என்ட போனில் வேகம் பறந்தது. மேலே பழைய கதைதான்.

என்னிடம் ஓ.எல். படித்த ஒரு மாணவன் இப்போ நெட்வேர்க் வேலை செய்கிறார். அவரைக் கூப்பிட்டேன். போனை எடுத்து அளந்து காட்டினார். என்ட அறையில் மைனஸ் 48, மேலே புள்ளைட அறையில் மைனஸ் 84. பூச்சியத்துக்குக் கிட்ட வர வரத்தான் சிக்னல் நல்லமாம். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் கொங்கிரீட்டைத் தாண்டக் கஷ்டப்படும். 2.4 அதைவிடத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அதிலும் ஒன்றோடொன்று முட்டாத சனல் 1, 6, 11 என்று மூன்றுதான். மதிலோடு மதில் ஒட்டிய நம்ம வளவுகளில், மேலே நின்று தேடினால் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் பதினாலு வருது. எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் நெருக்குப்படுது.

"அப்ப ஆறு அன்டனா?" என்று கேட்டேன். சிரித்தார். எத்தனை அன்டனா இருந்தாலும் வெளியே விடுகிற சக்திக்கு சட்டப்படி எல்லை இருக்காம். அதோடு ரவுட்டர் கத்தினால் மட்டும் போதாது, போனும் திருப்பிப் பேச வேண்டும். இது எனக்கு உடனே விளங்கியது. நான் மைக் பிடித்துப் பாடம் நடத்தினால் பின் வாங்கு வரைக்கும் கேட்கும். பின் வாங்குப் புள்ள மெல்லிய குரலில் சொல்கிற பதில் எனக்குக் கேட்காதே.

அவர் செய்தது இவ்வளவுதான். 18 மீற்றர் கேட் 6 கேபிளை கம்பனிப் பெட்டியிலிருந்து படிக்கட்டுச் சுவரோரமாக மேலே கொண்டு போனார். புது ரவுட்டரை மேல் மாடி நடுவில் மாட்டி, அக்சஸ் பொயின்ட் மோடுக்கு மாற்றினார். கீழேயும் மேலேயும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். கம்பனிப் பெட்டியையும் என்ட அறையிலிருந்து எடுத்து ஹோலுக்கு மாற்றச் சொன்னேன்.

அதனால் அந்த டீச்சருக்கு என்ட பதில்: கடைக்குப் போக முதல் வீட்டைச் சுற்றி நடந்து போனில் அளந்து பாருங்கள். பெட்டியை நடுவுக்கு மாற்றினாலே சில வீடுகளில் வேலை முடிந்துவிடும். ஸ்லப் இருக்கிற வீடென்றால் கேபிள் இழுங்கள், 100 மீற்றர் வரை பிரச்சினை இல்லை. சுவரில் குத்துகிற சின்ன எக்ஸ்டென்டர் மலிவுதான், ஆனால் பெரும்பாலானவை வேகத்தைப் பாதியாக்கிவிடும். அப்படி ஒன்று என்ட லாச்சியில் சும்மா கிடக்கு. ரவுட்டர் வாங்கத்தான் வேணுமென்றால் ரெண்டு பான்டும் இருக்கிறதா, லேன் போட் கிகாபிட்டா என்று பாருங்கள். போட் 100 என்று இருந்தால் எவ்வளவு பெரிய பெக்கேஜ் எடுத்தும் அதற்கு மேல் வராது.

புள்ள இப்போ அவட மேசையிலிருந்து படிக்கிறா. தங்கச்சியிடம், நான் பாஸ்வேர்டை மாற்றவில்லை, ஆனால் பெட்டியை என்ட பக்கம் வைத்தது நான்தான் என்று சொன்னேன். "எனக்குத் தெரியும் ராத்தா" என்றா.

இனி கரன்ட் போனாலும் ரெண்டு பெட்டியும் ஓட சின்ன யூபிஎஸ் வாங்க வேணும். ரெண்டும் 12 வோல்ட். பாவித்தவர்கள் இருந்தால் எது நல்லம் என்று சொல்லுங்கள்.