முதல் ஸ்டீராய்டு மாத்திரைக்கு முன்: சில குறிப்புகள்

ஸ்ட்ராங்கிலாய்டஸ். பெயர்தான் நீளம், குடலில் குடியிருக்கும் பெண் புழு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். மண்ணிலிருக்கும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, நுரையீரல், தொண்டை வழியாகச் சிறுகுடலுக்குப் போய்ச் சேரும். அங்கே வளர்ந்த பெண் புழு ஆண் துணையில்லாமலே முட்டையிடும்.

•

மற்ற குடற்புழுக்கள் பெரும்பாலும் ஆயுள் முடிந்தால் ஒழியும். இதன் குஞ்சுகளில் சில குடலுக்குள்ளேயே முதிர்ந்து, குடல்சுவரைத் துளைத்து மறுபடி உடம்புக்குள் நுழைந்துவிடுகின்றன. 1942–43இல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளிடம் முப்பது, நாற்பது வருஷம் கழித்தும் இந்தப் புழு உயிரோடு இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் அதே சேற்றில்தான் நின்றார்கள். சிப்பாய்க்கு ஊர் திரும்பியபின் ஒரு மருத்துவக் கோப்பு இருந்தது. தப்பிப் பிழைத்த தொழிலாளிக்குத் தோட்டத்து லயம் இருந்தது.

•

உடம்பின் எதிர்ப்பு சக்தி இருக்கும்வரை எண்ணிக்கை கட்டுக்குள் நிற்கும். கொஞ்சம் அரிப்பு, வயிற்றுப் பொருமல். பலருக்கு அதுவும் கிடையாது. மூட்டுவாதத்துக்கோ சிறுநீரக மாற்றுக்கோ ஸ்டீராய்டு தொடங்கியதும் கதை மாறுகிறது. புழு பெருகி நுரையீரல் வரை, சில சமயம் மூளை வரை போகும். போகும்போது குடல் பாக்டீரியாவையும் கூட்டிக்கொண்டு போகும். ஸ்டீராய்டில் இருப்பவருக்கு மூளையுறைக் காய்ச்சல் வந்து, தண்டுவட நீரில் குடல் பாக்டீரியா தென்பட்டால், அது எந்த வழியில் அங்கே வந்தது என்று கேட்டே ஆகவேண்டும்.

•

கண்காணிப்பதில் உள்ள சங்கடம்: ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு கூடியிருப்பதுதான் வழக்கமான துப்பு. ஸ்டீராய்டு அதையே குறைத்துவிடும். ஒரு முறை மலம் பார்த்து ‘புழு இல்லை’ என்று எழுதுவதை நான் நம்புவதில்லை; பல நாள் மாதிரி வேண்டும். அகார் தட்டில் மலத்தை வைத்தால் இளம்புழு ஊர்ந்த வழியெல்லாம் பாக்டீரியா முளைத்து, முற்றத்தில் நத்தை போன தடம் மாதிரி தெரியும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை இன்னும் கூர்மையானது. ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கிய பிறகு அதுவும் பொய் சொல்லலாம். ஆகவே எல்லாம் முதல் மாத்திரைக்கு முன்பே.

•

“பூச்சி மாத்திரை போட்டாச்சு டாக்டர்.” போட்டது அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், ஒரே வேளை. இந்தப் புழுவுக்கு அது போதாது. வேண்டியது ஐவர்மெக்டின்: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். கொரோனாவுக்கு மருந்தென்று விழுங்கிக் கெட்ட பெயர் வாங்கிய அதே மருந்துதான். அந்த நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்கும்போது இந்தப் புழு கிளம்பாமலிருக்க அதைக் கொடுப்பதில் மட்டும் நியாயம் இருந்தது!

•

சிறுநீரக மாற்றுக்குப் பின் எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினுக்கு இந்தப் புழுவை ஓரளவு அடக்கும் குணம் உண்டு. வேறு மருந்துக்கு மாற்றும்போது அந்தத் தற்செயல் காவலும் போகிறது.

•

ஸ்டீராய்டுக்கு முன் சர்க்கரை பார்க்கிறோம், காசநோய்க்கு மார்புப் படம் எடுக்கிறோம். “சின்ன வயசில் வயலில் இறங்கினதுண்டா, செருப்பில்லாமல் நடந்ததுண்டா?” என்று கேட்பவர் குறைவு. படிவத்தில் ‘தொழில்: வங்கி அதிகாரி’ என்றிருக்கும். அவர் பத்து வயதில் நாற்றங்காலில் நின்றது அதில் வராது. பரிசோதனைக்கு வசதியில்லாத ஊரில், இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலே ஐவர்மெக்டின் கொடுத்துவிட்டு ஸ்டீராய்டைத் தொடங்கலாம் என்பது என் கட்சி.