ஷிராஸ் கொடியின் பூர்வீகம்

ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில், ஹலால் அல்லாத பகுதியில், பிரெஞ்சு 'சிரா'வும் ஆஸ்திரேலிய 'ஷிராஸ்'உம் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில் இருக்கும். இரண்டும் ஒரே கருந்திராட்சையில் செய்த சிவப்பு ஒயின்தான். அந்தக் கொடிக்குச் சொந்த ஊர் எது? தோட்டப்புறத்தில் வளர்ந்தவன் நான். பூர்வீகம் பற்றிய கேள்வி என்னை எளிதில் விடாது.

முதலில் கிடைத்தது ஒரு பாரசீகக் கதை. சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பிய வீரர் ஒருவர் ஈரானின் ஷிராஸ் நகரத்துக் கொடியைக் கொண்டுவந்து, பிரான்சில் ரோன் ஆற்றங்கரையிலுள்ள எர்மிடாஜ் குன்றில் நட்டாராம். மரபணு அதை மறுத்துவிட்டது. 1998இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரோல் மெரிடித்தும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் கொடியின் தாய் தகப்பனைக் கண்டறிந்தார்கள்: மோந்தூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளைத் திராட்சையும், துரேசா என்ற கருந்திராட்சையும். இரண்டுமே தென்கிழக்குப் பிரான்சின் பழைய ரகங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு அது போனதில் மர்மம் இல்லை. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சுற்றி, நூற்றுக்கணக்கான ரகங்களின் குச்சிகளைச் சேகரித்தார். அவை 1832இல் சிட்னி சேர்ந்தன. குச்சியிலிருந்து வளரும் திராட்சை தாய்க்கொடியின் நகல்; எத்தனை கடல் தாண்டினாலும் ரகம் மாறாது.

தேடலில் என் மனம் நின்ற இடம் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கு. அங்கே ஹென்ஷ்கி குடும்பம் 1868 முதல் ஒயின் செய்கிறது. அவர்களுடைய 'ஹில் ஆஃப் கிரேஸ்' தோட்டத்தில் மிக மூத்த கொடிகள் 1860 வாக்கில் நிக்கோலஸ் ஸ்டானிட்ஸ்கி என்பவர் நட்டவை. 'தாத்தாக்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். முறுக்கேறித் தடித்த அடித்தண்டுகள், பட்டை உரிந்து மரம்போல் நிற்கின்றன, இன்னும் காய்க்கின்றன. அவை நிற்பது சொந்த வேரில். பிரான்சில் 1860களில் பரவிய ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்க வேர்க்கொடிகளில் ஒட்டுக்கட்டித்தான் அங்கே திராட்சை மீண்டது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சியைக் கடுமையான தடைக்காப்பு நுழையவிடவில்லை.

பூச்சிக்குத் தப்பியவை பணத்திடம் தப்பியது பெரிய காரியம். 1980களின் நடுவில் ஒயின் தேங்கியபோது, கொடிகளைப் பிடுங்கினால் உதவித்தொகை என்று அரசே அறிவித்தது. பழைய ஷிராஸ் கொடிகள் ஏராளமாக வேரோடு போயின. ஹென்ஷ்கி குடும்பம் பிடுங்கவில்லை. ஐந்தாம் தலைமுறையின் ஸ்டீபன் ஒயின் செய்கிறார். அவர் மனைவி புரூ 'தாத்தாக்களில்' சிறந்தவற்றைத் தேர்ந்து குச்சியெடுத்துப் புதுக்கொடி வளர்த்தார்.

ஜொகூரில் இதைப் படிப்பவருக்கு வலிக்காமல் இருக்காது. 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்த ரப்பரை நம்மவர்கள் இங்கே காடு திருத்தி நட்டு, பால் வெட்டினார்கள். 25, 30 ஆண்டில் மரத்தை வெட்டி மறுநடவு செய்வதே தொழில்முறை. பிறகு செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மரத்தோடு மனிதரும் இடம் பெயர்ந்தார்கள். நிலம் சொந்தமாக இருந்த குடும்பத்தால் 160 ஆண்டுக் கொடியைக் காக்க முடிந்தது. நமக்கு அந்த நிலம் இல்லை.

ஆனால் ஸ்டானிட்ஸ்கியின் பெயர் நிலைத்ததுபோல் நம் பாட்டன்மாரின் பெயர்களும் நிலைக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் நட்டது என்று கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.