பழைய வண்டிக்கு எண்ணெய் மருந்தா, உணவா?



நம் தோட்டத்து வீடுகளின் வாசலைப் பாருங்கள். வேறு எது இல்லாவிட்டாலும் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். விடியற்காலையில் பிரட்டுக்குப் போவது அதில்தான். பிள்ளைகள் பள்ளிக்கு வருவது அதில்தான். பட்டணத்திலிருந்து அரிசி மூட்டை வந்து சேர்வதும், நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் கிளினிக்குக்கு ஓடுவதும் அதில்தான். இத்தனை வேலை வாங்கும் நாம் அதற்கு என்ன கொடுக்கிறோம்? பெட்ரோல் தீர்ந்தால் உடனே ஊற்றுகிறோம். ஊற்றாவிட்டால் வண்டி நகராது. ஆனால் எஞ்சின் எண்ணெய் குறைந்தாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

என் அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் வாங்கிய ‘கப்சாய்’ வண்டியைத்தான் நான் இன்றும் பள்ளிக்கு ஓட்டி வருகிறேன். அதன் மீட்டர் 99,999 கிலோமீட்டரைத் தாண்டி, மறுபடியும் சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கி வெகு காலமாகிறது. இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் மூதாதை 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். 2017-ஆம் ஆண்டுக்குள் அந்தக் குடும்பத்து வண்டிகள் பத்துக் கோடி உற்பத்தியாகிவிட்டன. எளிமையான இயந்திரம். கவனித்துக்கொண்டால் ஒரு தலைமுறையைத் தாண்டியும் உழைக்கும்.

பட்டறையில் ‘மின்யாக் ஹித்தாம்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த எண்ணெய் என்ன செய்கிறது? இரும்போடு இரும்பு உராயாமல் தடுக்கிறது என்று எல்லோரும் அறிவோம். அதோடு வேலை முடிவதில்லை. நம் சிறிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் கிடையாது. காற்றும் எண்ணெயும்தான் சூட்டைத் தணிக்கின்றன. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை எண்ணெய்ப் படலம் அடைக்கிறது. கரியையும் இரும்புத் தூளையும் அலசி எடுத்துச் செல்கிறது. துருப்பிடிக்காமல் காக்கிறது. எண்ணெய் கறுத்துப் போவதைக் கண்டு சிலர் பதறுகிறார்கள். கறுத்த எண்ணெய் அழுக்கைச் சுமக்கிறது என்றுதான் பொருள். ஆனால் எவ்வளவு காலம் சுமக்கும்? வடை சுட்ட எண்ணெயிலேயே மீண்டும் மீண்டும் சுட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த வேலை அத்தனையும் செய்வது எவ்வளவு எண்ணெய் தெரியுமா? இவ்வகை வண்டியில் ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. அதில் கால் லிட்டர் குறைந்தாலே பெரிய குறைவு. காரில் இருப்பதுபோல் எண்ணெய் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கும் இந்த வண்டிகளில் இல்லை.

என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். அவருடைய வண்டி நீலப் புகை கக்கிக்கொண்டிருந்தது. பட்டணத்துப் பட்டறை ஒன்றில், “கெட்டியான எண்ணெய் ஊற்றி, இந்த மருந்தையும் சேர்த்தால் சரியாகிவிடும்” என்று சொல்லி ஒரு புட்டியை விற்றார்கள். புகை குறைந்தது. வண்டி குணமாகிவிட்டது என்று அவர் நிம்மதியாக இருந்துவிட்டார். ஆனால் தேய்ந்த ரிங் தேய்ந்தபடியேதான் இருந்தது. எண்ணெய் மெல்ல எரிந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலை, பின்னால் இரண்டு பிள்ளைகளோடு வரும்போது எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மூவரும் செம்மண் சாலையில் விழுந்தார்கள். நல்ல வேளை, பின்னால் குலை லாரி எதுவும் வரவில்லை. சிராய்ப்போடு போயிற்று. அடுத்த நான்கு நாள்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. விசாரிக்கப் போனபோது அவர், “புகைதான் நின்னுபோச்சே டீச்சர், அப்புறம் என்னன்னு நெனைச்சுட்டேன்” என்றார்.

வாசகர்களே, கெட்டி எண்ணெய் அந்த வண்டியைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. அது நோயைக் குணப்படுத்தாமல் அறிகுறியை மட்டும் மறைத்தது. எண்ணெய் வண்டிக்கு உணவு. உணவை வேளை தவறாமல் கொடுத்தால் உடம்பு நெடுநாள் தாங்கும். ஆனால் ஒடிந்த எலும்பைச் சோறு ஒட்ட வைக்குமா?

அப்படியானால் எந்த எண்ணெய் வாங்குவது? புட்டியில் 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 என்றெல்லாம் போட்டிருக்கும். முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்லும். பனி விழாத நம் நாட்டில் அதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பின்னால் உள்ள எண்தான் எஞ்சின் சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டும். எண் கூடினால் கெட்டியும் கூடும். ஊர் வெப்பத்துக்கு ஏற்ற எண் எது என்று பல பழைய வண்டிகளின் கையேட்டில் அட்டவணையே இருக்கும். அதற்குள் நின்று, தேய்ந்த வண்டிக்குச் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆகக் கெட்டியானதே ஆக நல்லது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மிகவும் கெட்டியான எண்ணெய், காலையில் கிளப்பியவுடன் வால்வு இருக்கும் தலைப்பகுதிக்கு ஏறத் தாமதமாகும். ஏற்கெனவே தேய்ந்த பாகங்கள் அந்தச் சில நொடிகளில் இன்னும் தேயும்.

இன்னொன்று மிக முக்கியம். நம் வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் நனைகின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். முறுக்கினால் சத்தம் வரும், வண்டி ஏறாது. அதனால்தான் ஜப்பானியர் 1998-இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்குத் தனியாக ஒரு தர முத்திரை ஏற்படுத்தினார்கள். புட்டியின் பின்புறம் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘எம்.பி.’ என்றிருந்தால் அது உராய்வு குறைந்த வகை. கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. முத்திரை சரியாக இருந்து, நம்பிக்கையான கடையில் மூடி உடையாமல் வாங்கினால், விலை உயர்ந்ததைத் தேடி அலைய வேண்டியதில்லை. விலை உயர்ந்த எண்ணெயை ஓராண்டு மாற்றாமல் ஓட்டுவதைவிட, சாதாரண எண்ணெயைக் காலத்தில் மாற்றுவது மேல். நான் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன்.

வண்டி தன் நோயைத் தானே சொல்லும், கவனிக்கத்தான் வேண்டும். காலையில் கிளப்பியதும் சிறிது நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு ரப்பர் தேய்ந்திருக்கும். அது சிறிய செலவு. முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங் அல்லது சிலிண்டர். சிலிண்டரைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் வண்டி மறுபிறவி எடுக்கும். கரும்புகை வந்தால் எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய் பால் ஊற்றிய காப்பிபோல் மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எக்காரணம் கொண்டும் உதைத்துக் கிளப்பாதீர்கள். முதலில் எண்ணெயை வடித்து மாற்றச் சொல்லுங்கள்.

எண்ணெய் அளவு பார்ப்பது கடினமான வித்தை அல்ல. சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, அதே அளவு நேரம் பொறுங்கள். அளவுக்குச்சியைத் துடைத்து உள்ளே விடுங்கள். கப்சாய் வண்டிகளில் பொதுவாக அதைத் திருகக் கூடாது; சும்மா வைத்து எடுக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நின்றால் நல்லது. கீழ்க்கோட்டை நெருங்கினால் அதே வகை எண்ணெயைச் சிறிது ஊற்றுங்கள். மேல்கோட்டுக்கு மேலே போகவும் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து நிமிடம் போதும். பத்து வயதுப் பிள்ளையும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அடியில் உள்ள ஆணியைப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். எஞ்சின் உடல் அலுமினியம். மரை கழன்றால் செலவு இழுத்துவிடும். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள். புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தால் பீப்பாயில் ஊற்றிக்கொள்வார்கள். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு எண்ணெய், முறைப்படி அகற்ற வேண்டிய கழிவுப் பட்டியலில் இருக்கிறது.

அந்த மாணவனின் தந்தை எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்ய, அந்த மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதைவிடக் குறைந்த செலவில் ஓராண்டு முழுவதும் எண்ணெய் மாற்றியிருக்கலாம். புதிய வண்டிக்கு மாதத் தவணை கட்ட இயலாத வீடுகள் நம்மிடையே இன்னும் பல. அவர்களுக்குப் பழைய வண்டிதான் கால். பழையது என்று அதை ஏளனம் செய்ய வேண்டாம். ‘மருந்து’ ஊற்றி ஏமாறவும் வேண்டாம். நீலப் புகை கண்டால் ரிங்கைப் பாருங்கள். புகை இல்லாவிட்டாலும் அளவுக்குச்சியைப் பாருங்கள். உங்கள் வண்டியின் பின்னால் அமர்ந்து உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவது உங்கள் பிள்ளை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.